அளவறிந்த மருத்துவம்

நுழையும்முன்

நோயைத் தீர்ப்பது மருந்து. ஆயினும் அளவு மிகுந்தால் அம்மருந்தே ஊறு செய்யும். அளவு குறைந்தால் நோய் தீராது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள சரியான அளவைக் கண்டறிவது மருத்துவ ஆய்வின் பெரும்பணி. குழந்தைகளின் மூளையில் தோன்றும் கட்டிகளைப் பொறுத்தவரை இப்பணி மேலும் அரியது. ஏனெனில், அங்கே சிகிச்சை பெறுவது இன்னும் வளர்ந்து முடியாத மூளை. அந்த அளவைத் தேடி எழுபது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் முயற்சியை இப்பாடம் விளக்குகிறது.

வள்ளுவர் கூறும் மூன்று அளவுகள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதில் இடம்பெறும் 949ஆம் குறள், மருத்துவம் கற்றவர் எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று என்கிறது. நோய்ப்பட்டவரின் நிலை ஒன்று. நோயின் தன்மை மற்றொன்று. சிகிச்சைக்கு ஏற்ற பொழுது மூன்றாவது. இம்மூன்றில் எதை மறந்தாலும் மருத்துவம் பிழைபடும். இன்றைய அறிவியலாளர் குழந்தைகளின் மூளைக்கட்டிக்குச் சிகிச்சை தேடும்போதும் இம்மூன்று வினாக்களையே எழுப்புகின்றனர். இக்குழந்தைக்கு எவ்வளவு தாங்கும்? இக்கட்டி எவ்வகையைச் சேர்ந்தது? எந்த மருந்தை எப்போது தருவது?

சிறுமூளையில் ஒரு கட்டி

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்த நிலையில் இருப்பவை மூளைக்கட்டிகள். அவற்றுள் விரைந்து வளர்ந்து பரவும் தன்மையுள்ள கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது ‘மெடுல்லோபிளாஸ்டோமா’ ஆகும். 1925ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி ஆகிய இருவரும் இக்கட்டியைத் தனி நோயாக இனங்கண்டு இப்பெயரால் விளக்கினர்.

இக்கட்டி தலையின் பின்புறத்தில் உள்ள சிறுமூளையில் தோன்றுகிறது. உடலின் சமநிலையைக் காப்பது சிறுமூளை. எனவே, நேராக நடந்துகொண்டிருந்த குழந்தை தள்ளாடத் தொடங்குகிறது. கட்டி பெரிதாகும்போது மூளையைச் சூழ்ந்துள்ள நீர் வடிந்து செல்லும் பாதை அடைபடுகிறது. அதனால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும் உண்டாகின்றன. வயிற்றுக் கோளாறு என்று கருதப்பட்டு நாள்கள் கடந்துவிடுவதும் உண்டு.

மெடுல்லோபிளாஸ்டோமாவிற்கு மற்றொரு தீய இயல்பு உண்டு. கட்டியிலிருந்து பிரியும் செல்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஓடும் நீரில் கலந்து வேறிடங்களில் படிந்து மீண்டும் வளர்கின்றன. குஷிங் போன்ற திறன்மிக்க அறுவை மருத்துவர்கள் கட்டியை அகற்றியபோதும், ஓரிரு ஆண்டுகளில் நோய் திரும்பிவந்தது. கத்தி எட்டாத இடத்தில் நோயின் விதை தங்கியிருந்ததே அதற்குக் காரணம்.

பெற்றதும் இழந்ததும்

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பணியாற்றிய மருத்துவர் எடித் பேட்டர்சன். கட்டி இருந்த இடத்திற்கு மட்டுமன்றி, மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை தர வேண்டும் என்பது அவரது முடிவு. நோய் எங்கெல்லாம் செல்லக்கூடுமோ அங்கெல்லாம் கதிர் செல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1953ஆம் ஆண்டில் ஃபார் என்பவருடன் இணைந்து அவர் இம்முறையின் பயனை வெளியிட்டார். இறப்பு உறுதி என்று கருதப்பட்ட நோயிலிருந்து குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினர்.

அக்குழந்தைகள் வளர்ந்தபோது வேறோர் உண்மை புலப்பட்டது. நோய் போனபின் பள்ளிக்குத் திரும்பிய பலருக்குக் கவனம் நிலைக்கவில்லை. படித்ததை நினைவில் வைப்பது கடினமாயிற்று. எண்ணுவதும் எழுதுவதும் மெதுவாயின. வளர்ச்சிக்கான சுரப்பு குறைந்ததாலும், முதுகெலும்பின் மீது கதிர் பட்டதாலும் உயரம் குன்றியது. சிகிச்சை பெற்றபோது வயது எவ்வளவு குறைவாக இருந்ததோ அவ்வளவுக்குப் பாதிப்பு மிகுதியாக இருந்தது.

கதிர்வீச்சு புற்றுநோய்ச் செல்லை அழிப்பது போலவே வளரும் செல்லையும் தாக்குகிறது. குழந்தையின் மூளையில் நரம்பிழைகளைச் சுற்றி வெண்ணிற உறை உருவாகிவரும் காலம் அது. அவ்வுறை சரியாக அமைந்தால்தான் செய்திகள் விரைந்து செல்லும். அதன் வளர்ச்சி தடைபடும்போது சிந்தனையின் வேகமும் தடைபடுகிறது. உயிரைக் காத்த கதிரே வாழ்வின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. இதனைக் கண்ட மருத்துவர்கள், ‘எவ்வாறு பிழைக்க வைப்பது?’ என்ற வினாவுடன் ‘பிழைத்தபின் எவ்வாறு வாழ்வர்?’ என்ற வினாவையும் சேர்த்துக்கொண்டனர்.

குறைக்கும் முயற்சி

உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு ‘கிரே’ எனப்படும். மூளைக்கும் தண்டுவடத்திற்கும் தரப்பட்ட வழக்கமான அளவு 36 கிரே. இதனை 23.4 கிரே ஆகக் குறைக்கலாமா என்று அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்தனர். வேறு எதையும் சேர்க்காமல் கதிரை மட்டும் குறைத்தபோது நோய் விரைவில் திரும்பியது. அவ்வாய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

பின்னர் வேறொரு வழி மேற்கொள்ளப்பட்டது. குறைத்த கதிருடன் சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின், லோமஸ்டின் ஆகிய மருந்துகளும் தரப்பட்டன. நோய் பரவாத நிலையில் இருந்த குழந்தைகளுக்கு இம்முறை பயன் தந்தது. 2006ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வில், இவ்வாறு சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகள் வரை நோய் திரும்பாமல் இருந்தனர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கதிர் குறைந்தது. ஆயினும் வெற்றி குறையவில்லை.

அப்படியெனில் மேலும் குறைக்கலாமா? 3 முதல் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 18 கிரே போதுமா என்று அடுத்த ஆய்வு வினவியது. அதன் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. 23.4 கிரே பெற்றவர்களில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகள் நோயின்றி இருந்தனர். 18 கிரே பெற்றவர்களில் அது 71 விழுக்காடாகக் குறைந்தது. எனவே, 18 கிரே போதாது என்பது தெளிவாயிற்று. அதே ஆய்வு மற்றொரு நற்செய்தியையும் தந்தது. இறுதியில் தரப்படும் கூடுதல் கதிரைச் சிறுமூளைப் பகுதி முழுவதற்கும் தராமல், கட்டி இருந்த இடத்திற்கும் அதன் ஓரத்திற்கும் மட்டும் தந்தாலே போதும் என்று அது காட்டியது.

ஒரே ஆய்வு ஒரு வினாவிற்கு ‘ஆம்’ என்றும் மற்றொன்றிற்கு ‘இல்லை’ என்றும் விடை தந்தது. இரண்டு விடைகளும் பயனுடையவை. ‘இல்லை’ என்ற விடை கிடைத்ததால், பின்னர் வரும் குழந்தைகள் போதாத சிகிச்சை பெறும் தீங்கிலிருந்து தப்பினர்.

நோயின் தன்மை

நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தோன்றிய இக்கட்டி உண்மையில் ஒரே நோய் அன்று. கட்டியின் மரபணுக்களை ஆராய்ந்த அறிவியலாளர் 2012ஆம் ஆண்டில் ஒருமித்த முடிவொன்றை வெளியிட்டனர். அதன்படி மெடுல்லோபிளாஸ்டோமா நான்கு பெருங்குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. அவை விண்ட், சோனிக் ஹெட்ஜ்ஹாக், மூன்றாம் குழு, நான்காம் குழு என்பன. இவற்றுள் விண்ட் வகை எளிதில் குணமாவது. அவ்வகை நோயுற்ற குழந்தைகளில் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். மூன்றாம் குழு மிகக் கொடியது.

விண்ட் வகை எளிதில் பணிவது ஏன்? பொதுவாக, மூளையில் உள்ள இரத்தக் குழாய்களின் சுவர் மிக நெருக்கமானது. பல மருந்துகளை உள்ளே விடாது. விண்ட் வகைக் கட்டியில் வளரும் இரத்தக் குழாய்களோ கசியும் தன்மை உடையவை. எனவே, மருந்து தடையின்றிக் கட்டிக்குள் செல்கிறது. 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று இதனை விளக்கியது.

இக்கட்டியின் குழுவைக் கண்டறியும் சோதனைகள் செலவு மிக்கவை. மும்பையை அடுத்த நவி மும்பையின் கார்கர் பகுதியில் உள்ள டாட்டா நினைவு மைய ஆய்வகத்தினர், மெழுகுக் கட்டியில் பதித்து வைக்கப்பட்ட பழைய திசுவிலிருந்தே குழுவை அறியும் சோதனை முறை ஒன்றை உருவாக்கி 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எல்லா மருத்துவமனைகளிலும் திசு இவ்வாறே சேமிக்கப்படுவதால் இம்முறை நம் நாட்டிற்கு ஏற்றதாக அமைந்தது.

அதே மையத்தின் மருத்துவர்கள் மேலும் ஒரு படி முன்னே சென்றனர். விண்ட் வகை எளிதில் குணமாகுமெனில், அக்குழந்தைகளுக்கு மூளை முழுவதற்கும் தண்டுவடத்திற்கும் கதிர் தருவதை அடியோடு தவிர்க்கலாமா? கட்டி இருந்த இடத்திற்கு மட்டும் கதிரும், உடன் மருந்தும் தந்து பார்த்தனர். கதிர் படாத இடங்களில் நோய் திரும்பியது. உடனே அவ்வாய்வை நிறுத்தினர். முழுவதும் தவிர்ப்பதற்கு மாற்றாக, கதிரின் அளவைக் குறைத்துத் தரும் புதிய ஆய்வைத் தொடங்கினர். முயற்சி தவறியபோது அதனை மறைக்காமல் உலகறிய எழுதியதால், வேறு நாடுகளின் மருத்துவர்களும் எச்சரிக்கை பெற்றனர்.

தெரிந்து தெளிவோம்

பழ ஈயின் இளம்புழுவில் ஒரு மரபணு பழுதுபட்டால் அதன் உடல் முழுதும் முள் போன்ற அமைப்புகள் தோன்றும். அதனால் அம்மரபணுவிற்கு ‘ஹெட்ஜ்ஹாக்’, அதாவது முள்ளெலி என்று பெயரிட்டனர். முதுகெலும்புள்ள உயிரிகளில் அதனை ஒத்த மரபணு கண்டறியப்பட்டபோது, நிகழ்பட விளையாட்டு ஒன்றில் வரும் சோனிக் என்னும் முள்ளெலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

நோயாளியின் நிலை

மூன்று வயது நிறையாத குழந்தையின் மூளை கதிர்வீச்சைத் தாங்காது. அத்தகைய குழந்தைகளுக்குக் கதிரே இல்லாமல் மருந்துகளை மட்டும் கொண்டு சிகிச்சை தர ஜெர்மானிய மருத்துவர்கள் முயன்றனர். 2005ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. கட்டி முழுவதும் அகற்றப்பட்டு நோய் பரவாமல் இருந்த சிறு குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்தனர். இன்று மிக இளைய குழந்தைகளுக்குக் கதிரைத் தவிர்ப்பதோ தள்ளிவைப்பதோ மருத்துவ வழக்கமாகிவிட்டது.

கதிர் இன்றியமையாதபோது அதனைக் குறிதவறாமல் செலுத்துவது மற்றொரு வழி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2001 முதல் 2012 வரை, மெதுவாக வளரும் மூளைக்கட்டி உடைய 200 இளையோரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களின் வயது 3 முதல் 25 வரை. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கதிர்வீச்சும், மற்றொரு பிரிவினருக்குக் கட்டியின் வடிவத்திற்கு ஏற்பக் குறுக்கி அமைத்த கதிர்வீச்சும் தரப்பட்டன. பிழைத்தவர்களின் விழுக்காட்டில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், குறுக்கிய கதிர் பெற்றவர்களின் அறிவுத்திறன் நன்கு காக்கப்பட்டது. சுரப்பிக் குறைபாடு வழக்கமான முறையில் 51 விழுக்காட்டினருக்கும், புதிய முறையில் 31 விழுக்காட்டினருக்கும் உண்டாயிற்று. 2017ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு இந்தியா உலகிற்கு அளித்த சான்றாகும்.

இதனினும் நுட்பமானது புரோட்டான் சிகிச்சை. எக்ஸ் கதிர் உடலின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும். முதுகில் செலுத்தினால் இதயத்தையும் வயிற்றையும் கடந்து செல்லும். புரோட்டான் துகளோ குறித்த ஆழம் வரை சென்று, தன் ஆற்றலின் பெரும்பகுதியை அங்கே இறக்கிவிட்டு நின்றுவிடும். மின்னூட்டமுள்ள துகள்களின் இவ்வியல்பை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஹென்றி பிராக் கண்டறிந்தார். இதனை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என்று 1946ஆம் ஆண்டில் ராபர்ட் வில்சன் எழுதினார். இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் 2019ஆம் ஆண்டில் இச்சிகிச்சை தொடங்கியது. கார்கரில் உள்ள டாட்டா நினைவு மையத்தில் 2023ஆம் ஆண்டு முதல் இச்சிகிச்சை தரப்படுகிறது.

ஏற்ற பொழுது

கதிரைக் குறைக்க உதவிய சிஸ்பிளாட்டின் மருந்திற்கும் ஒரு குறை உண்டு. அது உட்செவியின் நுண்மயிர்ச் செல்களை அழித்துக் கேட்கும் திறனைக் குன்றச் செய்கிறது. கீச்சொலி, ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற மெல்லிய ஒலிகள் ஆகியவை முதலில் மறைகின்றன. பேச்சும் மொழியும் கற்கும் வயதில் இது பேரிழப்பு.

இதற்குத் தீர்வு எளிய பொருள் ஒன்றில் கிடைத்தது. அது சோடியம் தயோசல்பேட். ஒளிப்படச் சுருளைக் கழுவும் இருட்டறைகளில் ‘ஹைப்போ’ என்று வழங்கிய அதே பொருள்தான். அது சிஸ்பிளாட்டினுடன் சேர்ந்து அதன் நஞ்சை முறிக்கும். அவ்வாறெனில் புற்றுநோயை அழிக்கும் ஆற்றலையும் முறித்துவிடாதா? இங்கேதான் பொழுது முதன்மை பெறுகிறது. சிஸ்பிளாட்டின் செலுத்தி முடித்து ஆறு மணி நேரம் கழித்தே இது தரப்படுகிறது. அதற்குள் மருந்து கட்டியில் தன் பணியைச் செய்துவிடும்.

கல்லீரல் கட்டி உள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்ட பன்னாட்டு ஆய்வின் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்குக் கேட்டல் குறைந்தது. தயோசல்பேட்டும் பெற்றவர்களில் அது 33 விழுக்காடாயிற்று. பிழைத்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால், நோய் உடலெங்கும் பரவியவர்களுக்கு இது ஏற்றதா என்ற ஐயம் வேறோர் ஆய்வில் எழுந்தது. எனவே, நோய் பரவாத குழந்தைகளுக்கு மட்டுமே இதனைத் தர 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது.

இன்னும் வெல்லாத நோய்

நிலவில் முதலில் காலடி வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கிற்கு ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு மூளைத்தண்டில் கட்டி தோன்றியது. கதிர்வீச்சு தரப்பட்டும் 1962ஆம் ஆண்டு சனவரியில், இரண்டு வயதில், அவள் மறைந்தாள். ஏழாண்டுகள் கழித்து மனிதன் நிலவை அடைந்தான். மூளைத்தண்டில் பரவி வளரும் அத்தகைய கட்டி இன்றும் பெரும்பாலும் குணமாவதில்லை. மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் இடத்தில் அது ஊடுருவி நிற்பதால் அறுவைக்கு இடமில்லை.

இந்நோயைப் பற்றிய அறிவு பெரிதும் வளர்ந்தது ஒரு கொடையினால். குழந்தையை இழந்த பெற்றோர் பலர், வேறு குழந்தைகளுக்குப் பயன்படட்டும் என்று கட்டியின் திசுவை ஆய்விற்கு அளித்தனர். அத்திசுவை ஆய்வகத்தில் வளர்த்து அறிவியலாளர் ஆராய்ந்தனர். 2012ஆம் ஆண்டில் இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றிற்கு அடிப்படையான மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. நோயாளியின் சொந்த எதிர்ப்பு அணுக்களை எடுத்து, கட்டியை அடையாளம் காணப் பயிற்றுவித்து, மீண்டும் உடலில் செலுத்தும் முறை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராயப்படுகிறது. 2024ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவில், சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஒருவருக்கு முற்றிலும் மறைந்தது. பாதை திறந்திருக்கிறது, அது இன்னும் நெடியது.

கிடைக்கும் இடத்திற்குச் செல்லுதல்

சிகிச்சை உலகில் இருப்பது வேறு. அது ஒரு குழந்தைக்குக் கிடைப்பது வேறு. வளமான நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினரும் குணமடைவதில்லை. 2030ஆம் ஆண்டிற்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டினரேனும் பிழைக்க வேண்டும் என்னும் இலக்குடன் உலக நலவாழ்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

மெடுல்லோபிளாஸ்டோமாவிற்கான கதிர்வீச்சு ஏறத்தாழ ஆறு வாரங்கள் நாள்தோறும் தரப்படுவது. அதன்பின் பல மாதங்கள் மருந்து தொடரும். சிற்றூரிலிருந்து பெருநகருக்கு வரும் குடும்பத்திற்குத் தங்க இடமில்லை, மொழி புரிவதில்லை, கூலி இழப்பும் நேர்கிறது. இதனால் இடையிலேயே ஊர் திரும்பிவிடுவோர் உண்டு. பாதியில் நின்ற சிகிச்சை நோயைத் தடுக்காது. இக்குறையைப் போக்க, 2006ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் நல மையங்கள் இத்தகைய குடும்பங்களுக்குக் கட்டணமின்றி உறைவிடம் அளிக்கின்றன. ஆய்வகத்தில் கண்ட மருந்தைப் போலவே, மருத்துவமனைக்கு அருகில் கிடைக்கும் ஓர் அறையும் உயிரைக் காக்கிறது.

சிகிச்சை முடித்த குழந்தை ஒருநாள் பள்ளிக்குத் திரும்புகிறது. தலைமுடி இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். ஆசிரியரின் சொல் சரியாகக் கேட்காமல் போகலாம். மெதுவாக எழுதுவது அறிவின்மை அன்று. முன்வரிசையில் ஓர் இடம், தேர்வில் சற்றுக் கூடுதல் நேரம், விட்டுப்போன பாடத்தை எழுதிக்கொள்ளத் தோழர் தரும் குறிப்பேடு ஆகியவை அக்குழந்தைக்கு வேண்டும். மருத்துவர் அளவறிந்து காத்த வாழ்வை நிறைவாக்கும் பொறுப்பில் வகுப்பறைக்கும் பங்கு உண்டு.

சொற்பொருள்

ஊறு – தீங்கு
அரியது – எளிதில் செய்ய இயலாதது
தண்டுவடம் – முதுகெலும்பின் உள்ளே செல்லும் நரம்புத் தொகுதி
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு
திசு – ஒரே வகைச் செல்களின் தொகுப்பு
சுரப்பு – சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள்
உறைவிடம் – தங்கும் இடம்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. உடலின் சமநிலையைக் காப்பது __________.
2. உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு __________.
3. இந்தியாவில் புரோட்டான் சிகிச்சை முதன்முதலாகத் தொடங்கிய நகரம் __________.
4. சிஸ்பிளாட்டின் மருந்தால் பாதிக்கப்படும் புலன் __________.

ஆ. சரியா, தவறா எனக் கூறுக. தவறாயின் திருத்தி எழுதுக.
1. மெடுல்லோபிளாஸ்டோமா ஒரே வகையான நோய்.
2. சோடியம் தயோசல்பேட் சிஸ்பிளாட்டினுடன் ஒரே நேரத்தில் தரப்படுகிறது.
3. 18 கிரே கதிர்வீச்சு போதாது என்று 2021ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது.

இ. பிரித்து எழுதுக.
கண்டறிந்து, மருந்தளவு, சிறுமூளை, இவ்விரண்டு

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அறுவைச் சிகிச்சை மட்டும் இந்நோயைத் தீர்க்காமல் போனது ஏன்?
2. எக்ஸ் கதிருக்கும் புரோட்டானுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பெற்றோர் அளித்த கொடை எவ்வாறு பயன்பட்டது?

உ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. தவறிய ஆய்வும் பயன் தரும் என்பதற்குப் பாடத்திலிருந்து இரண்டு சான்றுகள் தந்து விளக்குக.
2. வள்ளுவர் கூறும் மூன்றனுள் ஒவ்வொன்றிற்கும் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

ஊ. சிந்தித்து எழுதுக.
சிகிச்சை முடித்து உங்கள் வகுப்பிற்கு ஒரு மாணவர் திரும்பி வருகிறார். அவருக்காக வகுப்பில் செய்யத்தக்க மாற்றங்களைக் குறிப்பிட்டு, வகுப்பாசிரியருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக.

எ. செயல்பாடு
தலைவலி, மயக்கம், தள்ளாட்டம், சோர்வு போன்ற உடல் துன்பங்களைக் குறிக்க உங்கள் வீட்டுப் பெரியோர் வழங்கும் தமிழ்ச் சொற்களைக் கேட்டுத் தொகுக்க. அவற்றிற்கு இணையாக நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் வழங்கும் சொற்களை எதிரே எழுதுக. மருத்துவரிடம் நோயை எடுத்துச் சொல்ல மொழி அறிந்த ஒருவர் எவ்வாறு உதவலாம் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.